சடைப் படமும் பாதி நிலாவும்

நிலாவைப் படம் பிடிப்பது கல்யாண கோஷ்டியைப் படம் பிடிப்பதைவிடச் சுலபம், ஸார். அது கண்ணைச் சிமிட்டாது. தன்னை ஏன் பின்வரிசையில் நிறுத்தினீர்கள் என்று கேட்காது. நகர்ந்துகொண்டே இருக்கும் என்பது ஒன்றுதான் குறை. அதையும் சொன்ன நேரத்துக்கு, சொன்ன பக்கமாகத்தான் செய்யும். மனிதர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது என்று நினைத்திருந்தேன். உங்களைப் பற்றிச் சொல்லலாம் என்று இப்போது தெரிகிறது.

கையெழுத்தைப் பார்த்ததுமே எழுதுகிறவன் சிவசங்கரன் என்று கண்டுபிடித்திருப்பீர்கள். 'கொசு' பத்திரிகையின் நான்கு இதழ்களும் இதே கையெழுத்தில்தான் கல்லூரி முழுவதும் சுற்றின. ஐந்தாவது இதழ் வரவில்லை. நான்காவதில் ஒரு பௌதிக ஆசிரியரைப் பற்றி எழுதியிருந்தேன். அவர் பகலில் வகுப்பில் கிரகணம் வெறும் நிழல் என்பார். இரவில் அதே நிழலுக்குப் பயந்து வீட்டு முற்றத்தில் ஈர வேட்டியோடு நடுங்குவார். பெயர் போடவில்லை. பட்டாபிராமன் என்று பையன்கள் யாரும் சொல்லவும் இல்லை. நீங்களாகத்தான் பிரின்ஸிபால் அறைக்குப் போய், அது நான்தான் என்று ஒப்புக்கொண்டீர்கள்.

என் சான்றிதழில் 'நடத்தை திருப்தியில்லை' என்று எழுத வைத்தீர்கள். அந்த இரண்டு வார்த்தையைப் பார்த்துவிட்டு மூன்று கல்லூரிகள் என்னைத் திருப்பி அனுப்பின. என் அப்பா கோர்ட்டில் நகல் எழுதுகிறவர். எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. ஒன்பதாவது மாதம் பேசும் நிலையில் இல்லை. பத்தாவது மாதம் நான் மொட்டைத் தலையோடு மேல மாசி வீதியில் உக்கிரபாண்டி அண்ணனின் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். இதெல்லாம் குற்றச்சாட்டு இல்லை, ஸார். நான் ஏன் உங்கள் வீட்டு மாடிக்கு வந்தேன் என்பதற்கான விவரம்.

போன தை மாதம் நீங்கள் ஸ்டூடியோவுக்கு இரண்டு வேலை சொன்னீர்கள். வியாழக்கிழமை உங்கள் மனைவி ஜானுவுக்குச் சீமந்தம். சடைப் படம் எடுக்க வேண்டும். சனிக்கிழமை பூரண சந்திர கிரகணம். கல்லூரித் தொலைநோக்கியில் காமிராவைப் பொருத்தி அதையும் எடுக்க வேண்டும். அண்ணன் என்னை அனுப்பினார். வாசலில் என்னைப் பார்த்ததும், "ஓ, நீயா? ஏதோ பிழைச்சுண்டா சரி" என்றீர்கள். நான் காமிராப் பெட்டியை எந்தப் பக்கம் வைக்கட்டும் என்று கேட்டேன்.

சடைப் படம் எப்படி எடுப்பது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. பூத் தைத்த சடை முழுவதும் தெரிய வேண்டும். ஆகவே பெண் முதுகைக் காட்டி நிற்பாள். முகமும் வேண்டும் என்பார்கள். ஆகவே தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்ப்பாள். ஜானுவை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் அருகில் நிறுத்தினேன். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையல். வெயில் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"கண்ணைக் கூசறது. சீக்கிரம் எடுத்துடுங்கோ" என்றார். எடுத்து முடித்ததும் குரலைத் தாழ்த்தி, "நீங்கதானே அந்தக் கொசு? ஈர வேட்டியைப் படிச்சுட்டு நான் சமையல் உள்ளுக்குப் போய்ச் சிரிச்சேன். அவர்கிட்டச் சொல்லிடாதீங்கோ" என்றார்.

அந்தக் கட்டுரைக்கு இதுவரை வந்த ஒரே நல்ல அபிப்பிராயம் அது.

சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பும்போது உக்கிரபாண்டி அண்ணன் இருட்டறையில் ஒவ்வொரு மருந்துப் பாட்டில் மேலும் ஒரு தர்ப்பைப் புல்லை வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஊறுகாய்க்குத்தானே தர்ப்பை போடுவாங்க."

"சிரிக்காத மாப்ள. கிரகணம் ஊறுகாயைப் பிடிக்கும், ஹைப்போவைப் பிடிக்காதுன்னு எவன் சொன்னான்? அம்புட்டும் கெட்டுப்போச்சுன்னா உங்க வாத்தியாரா வாங்கித் தருவாரு?"

"பூமியோட நிழல்ணே அது."

"நிழல்னா இருக்கட்டும். புல்லு அது பாட்டுக்கு அது இருக்கட்டும். நீ போயிட்டு வா."

அண்ணனிடம் எனக்குப் பிடித்தது இதுதான். வெளியில் ஒன்று, உள்ளே ஒன்று கிடையாது.

அன்று இரவு நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஏழரை மணி சுமாருக்கு நிலாவின் ஓரம் கறுக்க ஆரம்பித்தது. கீழே உள் அறையில் ஜானுவைப் படுக்க வைத்து, ஜன்னலை அடைத்து, கதவையும் சாத்தியிருந்தார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி மேல் கிரகண வெளிச்சம் படக் கூடாது. நகம் கிள்ளக்கூடக் கூடாது. நிலா பாதி மறைந்தபோது உங்கள் தாயார் வாலாம்பாள் அம்மாள் மாடிப்படியின் கீழே நின்று, "பட்டாபி, நான் கிணத்தடிக்குப் போறேன். நீயும் குளிச்சுட்டுத் தர்ப்பணத்துக்கு உட்காரு" என்றார். நீங்கள் என்னைப் பார்க்காமல், "அம்மாவுக்காக" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனீர்கள். முக்கால் மணி நேரம் கழித்து ஈர வேட்டியோடு திரும்பி வந்தீர்கள். சொல்ல வேண்டியதை முன்பே எழுதியாகிவிட்டது.

அந்த முக்கால் மணி நேரமும் மாடியில் நானும் நிலாவும் மட்டும்தான் இருந்தோம். ஜானு அறையைவிட்டு வரவில்லை. இதை நான் சொல்லி நீங்கள் கேட்பது இதுவே முதல் தடவை என்பதால் இன்னொரு தடவை எழுதுகிறேன்: வரவில்லை.

மாசி மாதம் ஸ்டூடியோவில் வேலை குறைவு. விளையாட்டாக ஒன்று செய்தேன். சடைப் படத்தின் கண்ணாடி நெகடிவ் பிளேட்டில் வானத்தை மட்டும் மறைத்து, அந்த இடத்தில் பாதி விழுங்கப்பட்ட நிலாவை ஒட்டிப் பிரதி எடுத்தேன். பெண்ணைக் கொஞ்சம் இருட்டாக்கினேன். நல்ல வேலை. மொட்டைமாடி, கைப்பிடிச் சுவர், வளையல் அடுக்கிய கைகள், தோளுக்கு மேலாகத் திரும்பிய முகம், தலைக்கு மேலே கிரகணம். கண் கூசியதால் சுருங்கியிருந்த முகம், இருட்டில் பார்க்கும்போது திருட்டுத்தனம் போலவே இருந்தது.

ஆனால் நான் மோசடிக்காரன் இல்லை. பிழைகளைத் திருத்தாமல் விட்டேன். தொலைநோக்கியில் எடுத்த நிலா பொரித்த அப்பளம் அளவுக்கு இருந்தது. அவ்வளவு பெரிய நிலாவும் ஒரு பெண்ணும் ஒரே பிளேட்டில் விழ வழியில்லை. அதைவிடப் பெரிய பிழை, அவருடைய நிழல். வெயில் எனக்குப் பின்னாலிருந்து அடித்ததால் நிழல் அவருக்கு முன்னால், சுவர்மேல், நிலா இருக்கும் பக்கமாகவே விழுந்திருந்தது. விளக்கை நோக்கி நிழல் விழாது என்பது முதல் வருஷப் பையனுக்குத் தெரியும். எனக்கு அதைச் சொல்லித் தந்தவர் நீங்கள்.

அந்தப் பிரதியை மேஜை டிராயரில் போட்டேன். யாருக்கும் காட்டவில்லை. அங்கேயே கிடந்திருக்கும்.

பங்குனியில் நீங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தீர்கள். விளாங்குடியில் பிறந்த வீட்டில் ஜானுவுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. மேலுதடு பிளந்திருந்தது.

"மெட்ராஸ்ல ஒரு சர்ஜன் இருக்கார். தைச்சுச் சரி பண்ணிடலாமாம்" என்றீர்கள். "முதல்ல ஒரு படம் அனுப்பச் சொல்றார். நீ போய் எடுத்துண்டு வா. அம்மா, கிரகணத்தைப் பார்த்தாளா, பார்த்தாளான்னு பிராணனை வாங்கறா. ஜானு அறையைவிட்டு வரவே இல்லைன்னு சத்தியம் பண்றா. நான் அம்மாகிட்டச் சொல்லிட்டேன். அவ வந்திருந்தாத்தான் என்ன? நிழல் போய் உதட்டைக் கிழிக்குமா?"

இந்தக் கடைசி வாக்கியத்தை நீங்கள் சொல்லியிருக்கக் கூடாது, ஸார்.

யோசித்துப் பாருங்கள். நீங்கள் வெளியில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று எழுதியதற்காக என்னை வெளியே அனுப்பினீர்கள். நான் எழுதியது நிஜம் என்பது ஒன்றுதான் என்னிடம் மிச்சமிருந்தது. இப்போது நீங்கள் நின்ற இடத்தில் நின்றுகொண்டு, வீட்டிலும் அதையே சொல்லிவிட்டேன் என்கிறீர்கள். அப்படியானால் நான் எழுதியது பொய். ஒரு பொய்க்காகவா என் அப்பா என்னோடு பேசாமல் போனார்? இதைச் சோதித்துப் பார்க்காமல் விட முடியுமா? நான் பௌதிக மாணவன்.

மறுநாள் விளாங்குடிக்குப் போனேன். நல்ல வெளிச்சத்தில் குழந்தையின் முகத்தைப் படம் எடுத்தேன். ஜானு மடியில் வைத்துக்கொண்டு, அது தலையை ஆட்டாமல் பிடித்திருந்தார். "தைச்சா சரியாயிடும்னு அவர் சொல்லிட்டார். மூணாம் மாசம் வந்து அழைச்சுண்டு போறேன்னும் சொல்லியிருக்கார். அவர் சொன்னா சொன்னதுதான்" என்றார். அவர் தாயார் அகிலாண்டம் அம்மாள் எனக்கு மோர் கொடுத்தார். குடித்தேன்.

அன்று மாலையே, உங்கள் தாயார் ஸ்ரீரங்கத்து உறவுக்கென்று கேட்டிருந்த சடைப் படத்தின் இரண்டாவது பிரதியை உறையில் போட்டேன். கூடவே டிராயரில் இருந்ததையும் போட்டேன். உறைமேல் வாலாம்பாள் அம்மாள் என்று எழுதினேன்.

அந்தப் படத்தைப் பார்த்தால் அவர் மனதில் கிரகணம் மட்டும் வரும். உங்கள் மனதில், அந்த முக்கால் மணி நேரம் மாடியில் எவன் இருந்தான் என்பதும் வரும். இந்த இரண்டாவது விளைவு நான் நினையாதது என்று சொன்னால் அது பொய். நினைத்தேன்.

உங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் விளாங்குடிக்கு ஏற்றிப் போகும் ஜட்காக்காரன் தவசிதான் பிறகு நடந்ததைச் சொன்னான். ஸ்டூடியோ வாசலில்தான் வண்டி நிறுத்துவான்.

"பெரியம்மா படத்தைக் கையில வச்சுக்கிட்டு ஒரே அழுகைண்ணே. ஸார் வாங்கிப் பார்த்தாரு. நான் வாசல்லயே நிக்கிறேன். 'இன்னைக்கு வண்டி வேண்டாம், தவசி'ன்னாரு. அதோட சரி. இனி அந்தப் பக்கம் போறதா இல்லை போல."

குழந்தையின் படத்தை வாங்க நீங்கள் வரவே இல்லை. ஜானு போட்ட கடிதங்கள் உறை பிரிக்காமலே திரும்பிப் போயின என்றும் தவசி சொன்னான்.

ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை ஜானு குழந்தையோடு தவசியின் வண்டியில் ஸ்டூடியோவுக்கு வந்தார். அண்ணன் ஒரு கல்யாணத்துக்காகக் கொட்டாம்பட்டி போயிருந்தார். வாலாம்பாள் அம்மாள் அந்தப் படத்தைச் சம்பந்தி வீட்டுக்கே அனுப்பியிருக்கிறார். அதை ஜானு மேஜைமேல் வைத்தார். அழவில்லை.

"இது சீமந்தத்தன்னிக்கு எடுத்தது. சடையில தாழம்பூ ஒண்ணு சரிஞ்சிருக்கு பாருங்கோ. சனிக்கிழமை எனக்குச் சடையே கிடையாது, தலைக்குக் குளிச்சு முடிஞ்சிருந்தேன். இதை நான் சொன்னா யாரும் கேக்கலை. நீங்க எப்படிப் பண்ணினேள், ஏன் பண்ணினேள்னு நான் கேக்க மாட்டேன். அவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இவனை மெட்ராஸுக்கு அழைச்சுண்டு போகணும்."

தாழம்பூவை நான் கவனித்திருக்கவில்லை. நான் விட்ட பிழைகள் இரண்டு. அவர் கண்டுபிடித்தது மூன்றாவது. பௌதிகம் படிக்காத பெண்.

"ஸார் இங்க வந்து கேட்டா சொல்றேன்" என்றேன்.

"அவர் வருவாரா?"

"கேட்கணும்னு தோணினா வருவாரு. இரண்டு தெருதானே."

ஜானு படத்தை எடுத்துக்கொண்டு, தவசியை உங்களிடம் தூது அனுப்பினார். உங்கள் பதிலை அவன் சொல்லி நானும் கேட்டேன்: "எனக்கு வேலை இருக்கு." வண்டி விளாங்குடிக்குத் திரும்பிப் போயிற்று. வியாழக்கிழமை காலையில் ஜானுவைத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். குழந்தையைத் தொட்டிலில் தூங்க வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். கால் தவறியது என்று எழுதி முடித்தார்களாம். நேற்றோடு காரியங்கள் முடிந்தன என்று அறிகிறேன். அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. துக்க வீட்டில் தொந்தரவு செய்யக் கூடாது.

இத்துடன் இரண்டு பிளேட்டுகளையும் துணியில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். ஒன்றில் ஜானு, ஒன்றில் நிலா. ஜன்னலருகில் வைத்துத் தனித்தனியாகப் பாருங்கள். உங்கள் மனைவி உங்களிடம் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நிஜம் என்பதை இனி நீங்கள் உயிரோடு இருக்கும் வரைக்கும் வைத்துக்கொள்ளலாம். குழந்தையின் படமும் தயாராக இருக்கிறது. சர்ஜனுக்கு அனுப்புவதாக இருந்தால் ஆள் விடுங்கள்.

போலீசுக்கும் இதைக் காட்டலாம். எந்தச் செக்‌ஷனில் எழுதுவார்கள் என்று எனக்கும் பார்க்க ஆசை. படத்தை ஒட்டியவன் நான். அனுப்பியவன் நான். அதில் ஒளிவு மறைவு இல்லை. ஆனால் அந்தப் பெண்ணைக் கைவிட்டேன் என்று மட்டும் யாரும் என்னைச் சொல்ல முடியாது. கேட்டால் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் நீங்கள் வருவீர்கள் என்று கடையைவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன்; மத்தியானச் சாப்பாட்டைக்கூட ஸ்டூடியோவுக்கே வரவழைத்துக்கொண்டேன். ஒரு மனிதன் இதற்குமேல் என்ன செய்ய முடியும், ஸார்.