தடங்கலுக்கு வருத்துகிறோம்

இல்லம்மா, அதை முதல்ல எனக்குச் சொன்னது எங்க நாத்தனார்தான். நம்ம நாட்டுல டிவி ஆரம்பிச்ச முத வாரம். அப்போ என் மூத்தவன் வயித்துல இருந்தான். ரேடியோ ரிப்பேர் கடையில டிவி வச்சிருக்காங்க, தெருவே கூடி நின்னு பாக்குதுன்னு போனவ, மூச்சு வாங்க ஓடி வந்து, அண்ணி, அண்ணனோட சுண்டு விரல் டிவியில தெரியுதுன்னா. போடி கிறுக்கி, ஆளே இல்லாம விரல் மட்டும் எப்படித் தெரியும்னு நான் சிரிச்சேன்.

உக்காரு கண்ணு. நீங்க வாங்கன்னா உனக்குக் கூச்சமா இருக்குன்னியே, அதான் நீன்னே சொல்றேன். டீ ஆறுது பாரு. போட்டோ தரேன், தராம எங்க போறேன்? ஆனா முகம் தெரியற மாதிரி ஒண்ணும் கிடைக்காது. டிவி நிலையத்துல எடுத்த குரூப் போட்டோ எல்லாத்துலயும் எங்க வீட்டுக்காரர் கையில ஒரு போர்டைக் கொடுத்துடுவாங்க. முகம் போர்டுக்குப் பின்னாடி போயிடும்.

போட்டோ கிடக்கட்டும். ஞாயித்துக்கிழமை உங்க நிலைய விழாவுல போடப்போற அந்தப் பழைய டேப்பைத் துடைச்சுப் புதுசாக்கறோம், ஒரு கறை மட்டும் பிடிபடாம ஆடிக்கிட்டே இருக்குன்னு வாசல்லயே சொன்னே பாரு, அது என்னன்னு எனக்குத் தெரியும். இரு, முறையாச் சொல்லிட்டு அதுக்கு வரேன்.

இவருக்கு அங்க எழுத்து எழுதற வேலை. நிகழ்ச்சி பேரு, செய்தித் தலைப்பு எல்லாம் கறுப்பு அட்டையில வெள்ளை பெயிண்ட்ல எழுதி, கேமரா முன்னாடி கையால தூக்கிப் பிடிக்கணும். அப்போ எல்லாமே நேரடியாப் போகும். சாயங்காலம் கொஞ்ச நேரந்தான். அதுலயும் பாதி நேரம் நின்னு போயிடும். ஒரு வயரு சரியா இருந்தா இன்னொண்ணு கழண்டுக்கும். உடனே ஒரு அட்டையைக் காட்டுவாங்க, தடங்கலுக்கு வருந்துகிறோம்னு.

தொடக்க நாளன்னிக்கு வேலை தலைக்கு மேல. அவசரத்துல இவரு, ந் போடற இடத்துல த் போட்டுட்டாரு. தடங்கலுக்கு வருத்துகிறோம்! நீ சிரிக்கறே. அன்னிக்கு அங்க யாரும் சிரிக்கல. நிறுத்தறதும் நாங்கதான், உங்களை வாட்டி எடுக்கறதும் நாங்கதான்னு நாட்டுக்கே எழுதிக் காட்டின மாதிரி ஆயிடுச்சு. நிலையத் தலைவர் ஓடி வந்து, யோவ், உண்மையை ஏன்யா எழுதினேன்னு கத்தினாராம். மாத்தி எழுத ஏது நேரம்? இவரு சட்டுனு அந்த எழுத்து மேல சுண்டு விரலை வச்சு மறைச்சுட்டாரு. மறைஞ்ச எழுத்தைச் சனங்க மனசுக்குள்ள சரியாவே போட்டுப் படிச்சுக்கிட்டாங்க. நல்ல சனங்க.

அந்த விரலைத்தான் நாத்தனார் பாத்துட்டு ஓடி வந்தது. பெயிண்ட் டப்பா மூடி பட்டு நகம் ரெண்டாப் பிளந்த விரல். வேற யாருக்கு இருக்கும்?

மறுநாளே அட்டையைச் சரியா எழுதிட்டாரு. விரலை மட்டும் எடுக்கல. எப்படி எடுப்பாரு? அண்ணே, அண்ணி உன் விரலைப் பாக்கத்தான் தினம் கடை வாசல்ல வந்து நிக்கறாங்கன்னு நாத்தனார் போட்டுக் கொடுத்துட்டாளே. அன்னிலேருந்து, சும்மா பிடிச்சிருக்கற மாதிரி அட்டையோட ஓரத்துல அந்த விரல் நுனி தெரியும். நேரா நின்னா, சாப்பாட்டுக்கு வரேன். மடங்கியிருந்தா, நீ சாப்பிட்டுடு. நாட்டோட டிவி கண்ணு, அதுல எங்க வீட்டுச் சோத்துப் பேச்சு ஓடிச்சு.

ஆனா தடங்கல் வந்தாத்தானே விரல் வரும்? அதனால தினமும் சாமிகிட்ட நின்னு, கடவுளே, இன்னிக்கு ஒரே ஒரு தடவை நின்னு போகணும்னு வேண்டிக்குவேன். ஆமா, அதுக்கும் வேண்டுதல்தான். படம் போனதும் கடை வாசல்ல அத்தனை பேரும் திட்டுவாங்க. நான் மட்டும் கையெடுத்துக் கும்பிடுவேன். பிள்ளைங்க வளந்ததும் அதுங்களும் சேந்து கை தட்டும். டிவி கெட்டா சந்தோஷப்படற குடும்பத்தை இப்பத்தாம்மா பாக்கறேன்னு ரிப்பேர்காரர் தலையில அடிச்சுக்குவாரு.

மத்த டேப்பையெல்லாம் அழிச்சு மேல மேல பதிஞ்சுட்டாங்க, இது மட்டும் எப்படித் தப்பிச்சதுன்னு கேட்டியே? நம்ம டீம் ஜெயிச்ச பந்தாட்டம், டிவியில போன மாதிரியே பதிஞ்சிருக்கு, அதை அழிக்க யாருக்கு மனசு வரும்?

அன்னிக்குத்தான் என் கடைக்குட்டி பொறந்தா. பிரசவ வார்டு வராந்தாவுல டிவி. நர்ஸுங்க, பாக்க வந்தவங்க எல்லாம் அங்கதான். பொண்ணு பொறந்திருக்கு, தாயும் பிள்ளையும் சுகம்னு நாத்தனார் நிலையத்துக்குப் போன் போட்டுச் சொல்லிட்டா. கொஞ்ச நேரத்துல, பந்து கோல் பக்கமாப் போகுது, எல்லாரும் எழுந்து நிக்கறாங்க, படக்குனு படம் போச்சு. அட்டை வந்துடுச்சு. வார்டே கத்துது. அட்டையைப் பிடிச்சிருக்கற கை விளங்குமான்னு ஒரு நர்ஸு சாபம் விடறா. நான் படுத்தபடியே கதவு வழியாப் பாக்கறேன். விரல் நேராவும் நிக்கல, மடங்கவும் இல்ல. ஆடுது. இப்படி, என் கையைப் பாரு, இப்படி. பச்சைக் குழந்தை முகத்துக்கு நேரா ஆட்டுவோமே, அப்படி. நாடே திட்டிக்கிட்டிருக்கு, இவரு மகளைக் கொஞ்சிக்கிட்டிருக்காரு.

வேணும்னே நிறுத்தினீங்களான்னு கேட்டேன். என் தலையில கை வச்சு சத்தியம் பண்ணாரு, வயரு தானாப் போச்சுன்னு. நான் நம்பிட்டேன். வேண்டிக்கிட்டவ நான்தானே.

அப்புறம் கலர் வந்தது. ஒரு நாள் விரல்ல நீல பெயிண்ட் ஒட்டியிருந்தது டிவியிலயே தெரிஞ்சுது, வீட்டுக்கு வந்ததும் திட்டினேன். அதுக்கும் அப்புறம் மிஷினே எழுத ஆரம்பிச்சுது, தடங்கலும் குறைஞ்சுது. இவரு கட்டடத்துக்குள்ள, கழிவறை இந்தப் பக்கம்னு அம்புக்குறி போட்டுக்கிட்டு இருந்தாரு. நிலையத் தலைவரே நான் காட்டற வழியிலதான் போறாருன்னு சிரிப்பாரு. போன வருஷம் வரைக்கும் அதைச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டுதாம்மா இருந்தாரு.

கடைக்குட்டிதான் இந்த விரல் கதையை நம்பவே மாட்டா. அப்பா அளந்து விட்டாரு, நீயும் கூட நின்னு சாக்கு பிடிச்சேன்னு என்னைக் கிண்டல் பண்ணுவா. ஞாயித்துக்கிழமை அவளும் என்கூட விழாவுக்கு வரா.

இந்தா, போட்டோ. போர்டு ஓரத்துல பாரு, அந்த நகம்.

மத்த கறையெல்லாம் நல்லாத் துடைச்சுக்கோ கண்ணு. ஆடுதுன்னு சொன்னியே, அதை மட்டும் துடைக்காம விட்டுடும்மா.