எதையும் ஊத்தாத தட்டு

— ...குடலா? கண்ணாடித் தட்டுலயா? ஏய், யாருக்குடி காது குத்துற!

— நிஜமாத்தான்க்கா. மனுஷ வயித்துலேர்ந்து கிள்ளின துணுக்கு. எங்க லேப்ல வளர்த்தா கடுகளவுக்குக் குட்டிக் குடலா உருண்டு வரும். ஆர்கனாய்டுன்னு பேரு.

— அதுக்குச் சோறு?

— ஊட்டம் ஊத்துவோம். ஒருநாள் விட்டு ஒருநாள், தவறாம.

— உன் புருஷனுக்குக்கூட அந்தக் கவனிப்பு இல்லையே! சரி, டீயைக் குடி. உனக்குன்னே சர்க்கரை தூக்கலாப் போட்டிருக்கேன். அதை வெச்சு என்னதான் பண்றீங்க?

— புதுச் சாயம், மருந்து, பூச்சிக்கொல்லி... எல்லாத்தையும் சொட்டுச் சொட்டா விட்டு, மரபணு உடையுதான்னு பார்ப்போம். ஒவ்வொரு விஷமும் ஒரு தடத்தை விட்டுட்டுப் போகும்க்கா, கடிச்ச பல் தடம் மாதிரி. அதைப் பார்த்தாலே எது கடிச்சதுன்னு சொல்லிடலாம்.

— அம்மாடி, உடம்பு சிலிர்க்குது...

— அத்தை, என் டீ?

— அடுப்புல கொதிக்குதுடி, வரேன்! ...மருமகளுக்கு அஞ்சாம் மாசம் பாரு, காலைக் கீழ வைக்க விடறதில்ல நான். நீ சொல்லு.

— ஒரு தட்டுல மட்டும் எதையும் ஊத்த மாட்டோம். ஒப்பிட்டுப் பார்க்கறதுக்கு. நல்லா இருக்கிற ஆளோட துணுக்கு.

— ம்.

— அதுல தடம் இருக்குக்கா.

— எதையும் ஊத்தாததுலயா?

— தட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே... அந்த ஆளோட வயித்துக்குள்ள இருக்கும்போதே கடிச்சிருக்கு. இப்பவும் அந்த வெதுவெதுப்புல உப்பி உப்பி அடங்குது. மூச்சு விடற மாதிரி...

— யாருடி அது? எங்கிட்ட சொன்னா கிணத்துல போட்ட கல்லு.

— நீங்களா? ஊருக்கே டமாரம்!

— போடி! மாடி வீட்டுக்காரியா? அவதான் கண்ட சாயத்தையும் தலையில அப்பிக்கிறா. இல்ல எதிர்வீட்டு டிரைவரா? பொழுது சாஞ்சா சுவரைப் பிடிச்சுட்டுத்தான் நடக்கிறான்...

— சாயமும் இல்ல, சாராயமும் இல்ல. ஒரு காட்டுக்கொடியோட வேர். பொடி பண்ணி விக்கிறாங்களாம். பிள்ளை உண்டாகும்னு.

— வேருதானே... இயற்கைதானே. அது என்ன பண்ணிடும்?

— கிட்னியை அரிக்கும். அப்புறம் கேன்சர். உடனே நிறுத்தினா தப்பிக்கலாம்... அதான் கேக்க வந்தேன்.

— என்னை ஏன் கேக்கிற? எவளோ எதையோ தின்னா...

— அந்தத் துணுக்கு என்னோடதுக்கா. வயித்துக்குள்ள கேமரா விட்டப்போ கொடுத்தேன். முதல்ல எங்க வீட்டுச் சாப்பாடுன்னுதான் பயந்தேன். அவரோடதையும் வளர்த்துப் பார்த்தேன். சுத்தமா இருக்கு. அவர் குடிக்காம நான் மட்டும் குடிக்கிறது இந்த வீட்டு டீதான். ரெண்டு வருஷமா, வேலை முடிஞ்சு வர்றப்போ எல்லாம்.

— ஏய்... என்னடி பேச்சு இது...

— இன்னைக்கு டம்ளரை நான் தொடவே இல்ல. பார்த்தீங்களா?

— பிள்ளை இல்லைன்னு என் மடியில படுத்து அழுதியேடி... மனசு கேக்கலை. ஒரு சிட்டிகை. சத்தியமா ஒரே ஒரு சிட்டிகை. இப்போ பலிச்சதைக் கண்ணால பார்த்துட்டு எப்படி நிறுத்துவேன்...

— பலிச்சுதா? யாருக்குக்கா பலிச்சுது?

— அத்தை, எழுந்திருக்காதீங்க! நானே ஊத்திக் குடிச்சிட்டேன். என்ன இன்னைக்குத் தினமும் இருக்கிறதை விடக் கசப்பு?