திரும்பி வரும் அம்புக்குறி

எனக்கு வெண்கட்டியால் வட்டம் போடுவது நன்றாக வரும், ஐயா. கவராயம் தேவையில்லை. யட்டியாந்தோட்டைக்கு மாற்றலாகி வந்த ஆறு வருடத்தில் பிள்ளைகள் என்னை மெச்சியது அதற்கு மட்டும்தான்.

பாடசாலை விட்ட பிறகு, கடைத்தெரு வியாபாரி பழனியப்பனின் ரப்பர் களஞ்சியத்தில் ஒன்பது பேருக்குக் கணிதம் படிப்பித்தேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான் கற்ற, பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றையும் சொல்லிக் கொடுத்தேன். எழுத்துகள் எந்த ஒழுங்கில் வரலாம் என்ற விதியை ஒரே வரியில் எழுதலாம். அந்த வரியை வட்டங்களும் அம்புக்குறிகளுமாக மாற்றினால் அது ஒரு பொறி. ஒவ்வோர் எழுத்தாக வாங்கிக்கொண்டு பொறி வட்டத்துக்கு வட்டம் நகரும். முடிவில் இரட்டை வட்டத்தில் நின்றால் ஏற்கும், இல்லையேல் நிராகரிக்கும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று பாடசாலை அதிபர் கேட்டார். மறுநாளும் அதையே படிப்பித்தேன்.

எழுபத்தேழு ஆவணியில் தமிழர் கடைகள் எரிகின்றன என்று கதை அடிபட்டது. களஞ்சியக் கதவை உள்ளே தாழிட்டுப் படிப்பித்தேன். வெளியே நின்று கூப்பிட்டால் தமிழ் என்று தெரிந்துவிடும். ஆகவே ஒரு தட்டல் முறை வைத்தேன். இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, பிறகு ஒற்றைத் தட்டு. இரைச்சலில் கேட்காமல் போகலாம் என்பதால், முதல் பகுதியை எத்தனை தடவையும் திருப்பித் தட்டலாம். அதைக் காட்ட, தட்டலை எழுதிய வரியில் ஒரு நட்சத்திரம் போட்டேன். அந்த வரிக்குரிய பொறியைக் கரும்பலகையில் வரைந்தேன்.

சீதாதேவி எழுந்தாள். பதினேழு வயது, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் இருளப்பனின் மகள்.

"சேர், நட்சத்திரம் போட்டிருக்கீங்களே, திரும்பி வர்ற அம்புக்குறி எங்கங்க? இது ஒருக்கா தட்டுனாத்தான் ஏத்துக்கும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"இரும். நான் வரைஞ்சதுதான் சரி," என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். அம்புக்குறியைப் போடாமல் படத்தைப் பலகையில் அப்படியே விட்டேன். திருத்துவது அரை நிமிட வேலை.

இரண்டு நாள் கழித்து, பிற்பகல் மூன்று மணிக்குக் கடைத்தெருவில் காடையர் கூட்டத்தோடு லொறிகள் வந்து நின்றன. கண்ணாடி உடைந்தது. ஒன்பது பேரில் எட்டுப் பேர் உள்ளே இருந்தார்கள். என் கை தாழ்ப்பாளில் இருந்தது.

தட்டல் கேட்டது. இரண்டு தட்டு, இடைவெளி. மறுபடி இரண்டு தட்டு, இடைவெளி. ஒற்றைத் தட்டு.

"சேர், சீதாதேவிங்க," என்றான் எட்டுப் பேரில் ஒருவனான காளிதாஸ். "சரியாத்தாங்க தட்டுறா. தெறங்க."

"பலகையைப் பாரும். உந்தத் தட்டலைப் பொறி ஏற்காது," என்றேன்.

எட்டுப் பேரும் பலகையைப் பார்த்தார்கள். நல்ல பிள்ளைகள். சொன்னால் கேட்பார்கள். வெளியே ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. பிறகு தட்டல் இல்லை.

மறுநாள் அவள் உடலை ஆற்றோரத்தில் கண்டெடுத்தார்கள்.

இருளப்பன் என்னிடம் வந்தார். "புள்ள கதவ தட்டலீங்களா, சேர்?"

"தட்டினவள். பிழையாத் தட்டினவள்."

அவர் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க சேர். நீங்க எவ்வளவோ சொல்லிக் குடுத்தீங்க. அவளுக்குத்தான் வெளங்கல போல."

பரவாயில்லை என்று சொன்னேன். எனக்கு அழுகை வரவில்லை. இப்போதும் வருவதில்லை. சோறு சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

காடையர்களுக்குப் பயந்து திறக்காமல் விட்டேனா என்று இந்த விசாரணையில் மறுபடி கேட்கிறீர்கள். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்று போன தடவை சொன்னேன். அது பொய். லொறிகள் தெருவின் மறுகோடியில் நின்றன, கதவைத் திறந்து மூட நேரம் இருந்தது. அவள் தட்டியது சரி என்று எனக்கு அப்போதே தெரியும். திறந்திருந்தால், உள்ளே வந்ததும், எட்டுப் பேர் முன்னால், அவள் முதலில் அம்புக்குறி இல்லாத அந்தக் கரும்பலகையைத்தான் பார்த்திருப்பாள்.