குடும்பத்தில் யாருக்காவது

— டாக்டர் கேட்டது என்னைத்தான். நீ ஏம்மா முந்திக்கிட்ட?

— வாய் இருக்கு, சொன்னேன். கையைத் தூக்கு, நாடாவைக் கட்டணும். இது அங்கியா கூடாரமா? உன்னை மாதிரி மூணு பேர் குடியிருக்கலாம்.

— பேச்சை மாத்தாத. "அம்மா, சித்தி, பெரியம்மா... யாருக்காவது மார்புல புத்துநோய் வந்திருக்கா"ன்னாங்க. கேட்டு முடிக்கறதுக்குள்ள "எங்க வம்சத்துலயே கிடையாது"ங்கற.

— கிடையாதுன்னா கிடையாதுன்னுதானே சொல்லணும்?

— அம்மா...

— திரும்பு. முதுகு தெரியுது.

— ஊசி வச்சு சதை எடுக்கப் போறாங்க.

— மரத்துப்போக மருந்து போட்டுட்டுத்தான் எடுப்பாங்க. 'டக்'குனு ஒரு சத்தம் கேக்கும், அவ்வளவுதான்.

— சத்தம் கேக்கும்னு யார் சொன்னா?

— ...நர்ஸம்மா சொன்னாங்க.

— நர்ஸ் இன்னும் இந்தப் பக்கமே வரல.

— நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்டி.

— அவங்க சும்மா ஊர்க்கதை கேக்கலம்மா. குடும்பத்துல இருந்தா ஒரு பக்கத்தோட விடமாட்டாங்க. ரெண்டையும் பாப்பாங்க, ரத்தத்துல தனியா சோதிப்பாங்க. நாளைக்கு என் பொண்ணு வளர்ந்தா அவளையும் சீக்கிரமே பாக்கணும்பாங்க.

— குழந்தையை எதுக்கு இதுல இழுக்கற?

— நானா இழுக்கறேன்?

— மெதுவாப் பேசு. திரைதான் இருக்கு, சுவர் இல்ல. மாப்பிள்ளை...

— வண்டியை நிறுத்த இடம் தேடிட்டு இருக்காரு. சொல்லு.

— என்னத்தைச் சொல்ல... உனக்கு அப்ப மூணு வயசு. எனக்கு இடது பக்கம். முழுசா எடுத்துட்டாங்க. உங்கப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும்தான் தெரியும். மத்தவங்ககிட்ட கர்ப்பப்பைன்னு சொல்லிட்டோம்.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— ஒரு பக்கம் மட்டும் பஞ்சு வச்சுத் தைச்ச பாடி. துண்டுக்கு அடியில காயப்போடுவ. காத்தடிச்சா துண்டு விலகும்மா.

— அடிப்பாவி... எப்ப?

— பள்ளிக்கூடம் போறப்பவே.

— நீ பாத்துடக் கூடாதுன்னு கதவை முதுகால அழுத்திக்கிட்டேதான்டி இத்தனை வருஷமும் புடவை கட்டினேன்.

— அதான் உன் கொசுவம் என்னிக்கும் கோணல்.

— சிரிக்காத. உனக்காகத்தான் மறைச்சேன். தாய்க்கு இருந்துச்சுன்னு தெரிஞ்சா எவன் பொண்ணு கேட்டு வருவான்?

— வந்தாச்சு, கட்டியாச்சு, பேத்தியும் பொறந்தாச்சு. அப்புறமும் எதுக்கு?

— அப்புறம்... மறைச்சது தெரிஞ்சா உன்னைத் திருப்பி அனுப்பிடுவாங்களோன்னு. ஒரு பயம் போனா இன்னொண்ணு வந்து உக்காந்துக்கும். சரி, நகரு. நானே உள்ள போய்ச் சொல்லிடறேன். பொய் சொன்னவ நான்தானே.

— போ.

— இரு... எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்க. நான் பொய் சொன்னப்ப நீ ஏன்டி பேசாம உக்காந்திருந்த?

— போன வருஷமும் இதே கேள்வி கேட்டாங்கம்மா. வேற டாக்டர்.

— போன வருஷமா? கட்டி இப்பத்தானே...

— போன வருஷமே இருந்துச்சு. பட்டாணி அளவு. குடும்பத்துல யாருக்கும் இல்லைன்னு சொன்னேன். ஸ்கேன்ல சாதாரணக் கட்டி மாதிரிதான் தெரியுது, சின்ன வயசு வேற, குடும்பத்துலயும் இல்ல... இப்போதைக்கு ஊசி வேண்டாம், கொஞ்ச நாள் பாப்போம்னு அனுப்பிட்டாங்க.

— ஐயோ... நான்தான் பயந்து செத்தவ. உனக்கு என்னடி வந்துச்சு? ஏன் சொல்லல?

— பக்கத்துல உன் மாப்பிள்ளை உக்காந்திருந்தாரும்மா... என் பொண்ணை மடியில வச்சுக்கிட்டு.