சுவருக்குப் பின்னாலிருந்து தட்டியவள்

எனக்கு அழுக்கு ஆகாது, ஐயா. எங்கள் விடுதியைப் போலத் துடைத்து வைத்த சாப்பாட்டுக் கூடத்தை இந்த சஃபோக் மாவட்டம் முழுக்கத் தேடினாலும் நீங்கள் பார்க்க முடியாது.

போன மார்ச்சில் என் மனைவி தர்சாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. அவளை நான் ஒருநாளும் வெறுத்ததில்லை. அவள் வாயோரம் வழிந்ததைத்தான் பார்க்க முடியவில்லை. கஞ்சியும் கோழையுமாகக் கழுத்துவரை இறங்கும். படுக்கை நாற்றம் அடுப்பிலிருந்த இறைச்சியில் ஏறுவது போலிருந்தது. இப்ஸ்விச்சில் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று ஊரில் சொல்லிவிட்டு, கூடத்துச் சுவருக்குப் பின்னாலிருந்த சாமான் அறையில் அவளைக் கிடத்திப் பூட்டினேன்.

தண்ணீர் வேண்டுமென்றால் வலது கையால் சுவரைத் தட்டுவாள். ஒரு ஞாயிறு மதியம், சாப்பிட வந்திருந்த தபால் நிலையத்துப் பெட்டிஃபர் அம்மாளுக்கு அது கேட்டுவிட்டது.

"மிஸ்டர் கேச்போல், கேட்டீரா? உயிரோட சுவத்துல வச்சுப் பூசினாங்களே, அந்தக் கன்னியாஸ்திரியோட ஆவிதானே?"

அந்தக் கதை எங்கள் ஊரில் முந்நூறு வருஷமாக இருக்கிறது. நான் கட்டியதல்ல.

"அவளேதாம்மா," என்றேன்.

அப்புறம் தினமும் கூட்டம். வாயில் கொழுப்பு ஒழுக, காதைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.  அவர்கள் போனபின் பிசுக்கை நான்தான் துடைத்தேன்.

கேள்வி கேட்கும் வழக்கத்தைப் பெட்டிஃபர் அம்மாள்தான் ஆரம்பித்தார். "ஒருதரம் தட்டினா ஆமா, ரெண்டுதரம் தட்டினா இல்ல. புரியுதாடி?"

ஒரு தட்டு.

"பசிக்குதா?"

ஒரு தட்டு.

"நீ செத்துப்போய் எவ்வளவு காலமாச்சுன்னு தெரியுமா? செத்துட்டதானே?"

இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு, மறுபடி இரண்டு.

"பாவம்யா, செத்ததுகூடத் தெரியல இவளுக்கு," என்றார் அவர். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கஞ்சியை முன்பே நிறுத்தியிருந்தேன். அந்த வாரம் தண்ணீரையும் நிறுத்தினேன். உள்ளே போனால்தானே வெளியே வரும். மூன்று நாள் தட்டினாள். சத்தம் தேயத் தேய, வந்தவர்கள் தின்பதை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். நாலாம் நாள் ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் உடைக்கும்வரை அந்தக் கதவை நான் திறக்கவில்லை. வாடை எனக்குத் தாங்காது.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தனியாகச் சாகவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். கடைசிவரை அவளோடு பேச ஆள் இருந்தது.