பதினொன்று புள்ளி ஏழு கிராம்

மாலை மூன்று மணி நாற்பத்தோரு நிமிடம். நவம்பர் கடைசி வாரம்.

ஹொக்கைடோவின் கிழக்கே, மேய்ச்சல் நிலங்களைத் தாண்டி, ஒரு மண் சாலை காட்டின் விளிம்பில் போய் முடிகிறது. அன்றைக்கு அதில் நின்றது ஒரே ஒரு வண்டி. கென்சோவின் வண்டி. பால் லாரி ஓட்டுகிற நம் இசாவோவின் அக்கா கணவன் அவன். இசாவோ கதை கட்டுகிறவன் இல்லை. அதனால்தான் சொல்கிறேன்.

சூரியன் மறைய ஒன்பது நிமிடம் இருந்தது. மறைந்துவிட்டால் சுடக்கூடாது, சட்டம். கரடி நிலத்தின் ஓரத்தில் பக்கவாட்டில் நின்றது. முந்நூறு கிலோ இருக்கும். நாற்பது மீட்டர். கென்சோ தோளைப் பார்த்துச் சுட்டான். ஈரச் சாக்கைக் கட்டையால் அடித்தது போல ஒரு சத்தம். கரடி மடங்கியது. எழுந்தது. மார்பளவு மூங்கில் புல்லுக்குள் போய்விட்டது.

பிறகு... சத்தமே இல்லை.

பக்கத்தில் தட்சுஜி. முப்பது வருஷக் கூட்டாளி. அவனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. எதை வீழ்த்தினாலும், அறுக்கும்போது உள்ளே கிடக்கும் குண்டைத் தேடி எடுப்பான். கழுவுவான். சின்னத் தராசு ஒன்றைப் பையிலேயே வைத்திருந்தான், அதில் நிறுப்பான். செம்புக் குண்டு பதினொன்று புள்ளி ஏழு கிராம். எலும்பை உடைத்துக்கொண்டு போன பிறகும் பதினொன்றரை இருக்கும். முனை நாலு இதழாக விரியும், சிதறாது. ஈயக் குண்டும் அதே எடைதான், ஆனால் அப்படியல்ல. பெரிய எலும்பில் பட்டால் பொடியாகிவிடும். மிச்ச இறைச்சியோடு அந்தப் பொடியைத் தின்று கழுகுகள் சாகின்றன என்று ஈயத்தைத் தடை செய்து வெகுநாள் ஆகிறது. கென்சோவிடம் பழைய ஈயக் குண்டுப் பெட்டி ஒன்று மிச்சமிருந்தது.

"ஈயம்னா உள்ள போய்க் குடலைக் கலக்கும்டா. உன் செம்பு ஊசி மாதிரி போயிட்டே இருக்கும். கரடிக்கு என்ன, தடுப்பூசியா போடுற?" என்று குடிக்கும்போது கென்சோ கேலி செய்வான்.

"மான்கிட்ட காட்டு உன் வித்தையை. கரடி தோள்ல ஈயத்தைப் போட்டுட்டு என்னைக் கூப்பிடாத" என்பான் தட்சுஜி.

இப்போது தட்சுஜி புல்லையே பார்த்துக்கொண்டு நின்றான். அடிபட்ட கரடி ஓடாது. தன் தடத்துக்குப் பக்கத்திலேயே படுத்துக் காத்திருக்கும். இருட்டும் நேரத்தில் அதன் பின்னால் யாரும் போவதில்லை. ஆனால் குண்டு தோளை உடைத்து நெஞ்சுக்குள் போயிருந்தால், அது இந்நேரம் செத்துக் கிடக்கும்.

"கென்சோ. செம்புதானே?"

கென்சோ சுட்டது ஈயம்.

"ஆமாடா."

தட்சுஜி புல்லுக்குள் போனான்.

பத்தடி இருக்கும். புல் ஆடவில்லை. கரடி எழுந்து நின்றது மட்டும் தெரிந்தது. ஒரே அறை. தொப்பியும் நெற்றித் தோலும் சேர்ந்து வந்தன. அடுத்த அறையில் கீழ்த்தாடை போனது. அது கடைசிவரை கிடைக்கவில்லை. தட்சுஜி கத்தினான், தாடை இல்லாமல். பிறகு எலும்பு நொறுங்கியது. முள்ளங்கி ஊறுகாயைக் கடிக்கிற சத்தம். இரண்டு உடம்பும் ஒன்றாகப் புரண்டதில் கென்சோவால் சுட முடியவில்லை. கரடி தலையைத் தூக்கியபோது காதுக்குப் பின்னால் சுட்டான். சூடான ரத்தத்திலிருந்து ஆவி எழுந்தது. ஈர ரோம நாற்றம்.

ரேடியோவில் கூப்பிட்ட மற்ற வேட்டைக்காரர்கள் வந்து சேர இருபது நிமிடம் ஆகும். கென்சோ கத்தியை எடுத்துக் கரடியின் தோளைத் திறந்தான். எலும்பில் கீறல்தான் விழுந்திருந்தது. சதையில் ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்புப் பொடி. நசுங்கிய அடிப்பகுதி மட்டும் ஒரு துண்டாக அகப்பட்டது. பையில் போட்டுக்கொண்டான். பிறகு தட்சுஜியின் துப்பாக்கியை எடுத்தான். காட்டைப் பார்த்து ஒருமுறை சுட்டான். அதை தட்சுஜியின் கைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"அவன்தான் அவசரப்பட்டுச் சுட்டான். சரியாப் படல. உள்ள போகாதன்னேன், கேக்கல" என்று வந்தவர்களிடம் சொன்னான். யாரும் கரடியைப் பார்க்கவில்லை. எல்லோரும் தட்சுஜியை மூடுவதிலேயே இருந்தார்கள்.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்ததும் தட்சுஜியின் மனைவி ஃபுமி கென்சோவின் வீட்டுக்கு வந்தாள். புருஷனின் அஜாக்கிரதைக்காக அதுவரை ஊரில் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டிருந்தாள். பாயில் நெற்றி படக் குனிந்தாள்.

"அவரால உங்க உயிருக்கும் ஆபத்து வந்துச்சு, கென்சோ சான். மன்னிச்சிடுங்க."

நினைவுப் பொருளாக ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினாள். உள்ளே அந்தத் தராசு.

கென்சோ வாயைத் திறந்தான்.

"பரவால்லம்மா" என்றான்.

அன்றிரவு அந்தத் துண்டை நிறுத்தான். நாலு புள்ளி ஒன்று. சாக்கே மது குடிக்கிற சின்னக் கிண்ணம் ஒன்றில் போட்டு அலமாரியில் வைத்தான்.

அடுத்த வாரம் மான் ஒன்று கிடைத்தது. புதிதாக வாங்கிய செம்புக் குண்டு, கழுத்தில். மானை அறுத்தான். இதயத்தில் ஓட்டை இல்லை. பிளந்தால் உள்ளே ஒரு கறுப்பு மணி. ஈயம். அதையும் கிண்ணத்தில் போட்டான். காலையில் பார்த்தபோது துண்டு ஒன்றுதான் இருந்தது. நாலு புள்ளி ஒன்பது.

இரண்டாவது மான். ஈரலில் இருந்தது. ஆறு புள்ளி இரண்டு. மூன்றாவது மானில்... எட்டு. நசுங்கல் நிமிர்ந்துகொண்டு வந்தது.

கென்சோ சுடுவதை நிறுத்தினான். அது நிற்கவில்லை. சோற்றில் பல்லில் கடிபட்டது. சூப்பின் அடியில் கிடந்தது. மனைவியின் கிண்ணத்தில் ஒன்றும் இருக்காது. சமையலறையில் ஈர ரோம நாற்றம். அவளுக்கு அதுவும் தெரியவில்லை.

பதினொன்று புள்ளி ஆறு ஆனபோது கென்சோ மச்சினனைக் கூப்பிட்டனுப்பினான். இசாவோ போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. கென்சோ கிண்ணத்தையும் தராசையும் மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னான்.

"ஃபுமி அக்காகிட்ட போய்ச் சொல்லிடுங்க, மாமா. இப்பவே கிளம்புங்க. நான் வண்டி எடுக்கிறேன்."

"லைசென்ஸ் போயிரும்டா. ஊர் காறித் துப்பும்."

"இப்ப அந்த அக்காவைத் துப்புது."

கென்சோ தராசையே பார்த்தான்.

"நாளைக்குப் போலாம்" என்றான்.

சொன்னதும் இருமல் வந்தது. உள்ளங்கையில் துப்பினான். ரத்தம். அதில் ஒரு கறுப்பு மணி. அது கையிலிருந்து உருண்டது, மேஜையில் உருண்டது. கிண்ணத்துக்குள் 'டிங்' என்று விழுந்தது.

இசாவோதான் எடுத்துத் தராசில் வைத்தான். பதினொன்று புள்ளி ஏழு. கீறல் இல்லை, மடிப்பு இல்லை. கூர் முனையோடு முழுக் குண்டு. பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்தது போல.

ஜன்னலில் சூரியன் மறைந்தது. இரண்டு பேரும் ஒரு நொடி அங்கே பார்த்தார்கள். திரும்பியபோது தராசு காலி.

நடையில் துப்பாக்கி வைக்கிற இரும்பு அலமாரி பூட்டியிருந்தது. சாவி கென்சோவின் கழுத்தில். அதற்குள்ளே துப்பாக்கியின் தாழ் பின்னுக்கு இழுபட்டது... முன்னுக்குப் போய் இறுகியது. க்ளக்.

வாசல் கதவுக் கண்ணாடிக்கு வெளியே, புதுப் பனியில் ஒரு தடமும் இல்லை. ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விட்டார்கள். ஈரமான மூச்சு. தாடை இல்லாத வாயிலிருந்து குரல் குழறி வந்தது. இரண்டு பேருக்கும் புரிந்தது.

"கென்சோ... செம்புதானே?"