இதோ வர்றேன் அத்தை

ஒரே வேலையை இரண்டு முறை செய்ய எனக்குப் பிடிக்காது. சோம்பேறித்தனம் என்பார் என் கணவர். எங்கள் தொழிலில் அதற்குத்தான் சம்பளமே தருகிறார்கள்.

ஒரு கம்பெனியின் சர்வர்களை வீட்டிலிருந்தபடியே பார்த்துக்கொள்வது என் வேலை. பக்கத்து அறையில் என் மாமியார், இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாக. அவர் கட்டிலில் ஓர் அழைப்புப் பொத்தானைப் பொருத்தினேன். அழுத்தினால் என் சர்வருக்கு வெப்ஹூக் போகும். கதவைத் தட்டித் தகவல் சொல்வது போலத்தான். தட்டியதும் நான் எழுதிய ஸ்கிரிப்ட், அதாவது ஒரு குட்டி நிரல், ஓடி, என் போனை அலற வைக்கும். இப்படி ஒரு மருமகளா என்று எல்லோரும் மெச்சினார்கள். நானும் மெச்சிக்கொண்டேன்.

அத்தை எல்லாவற்றுக்கும் அழுத்தினார். ஜன்னலைத் திற. ஜன்னலை மூடு. அதனால் ஸ்கிரிப்டில் ஒரு சின்னத் திருத்தம். போனுக்குப் பதில், அவர் தலைமாட்டு ஸ்பீக்கரில் என் குரல்: "இதோ வர்றேன் அத்தை." பல தடவை பேசிப் பார்த்து, இருப்பதிலேயே அன்பானதைப் பதிவு செய்தேன். நேரில் எனக்கு அவ்வளவு அன்பு வராது.

"குரல் மட்டும் முன்னாடியே வந்துடுது. கால் எங்கடி நிக்குது?" என்றார் அத்தை.

"பின்னாடியே வருது அத்தை."

நாத்தனார் போனில், "கூப்பிட்டதும் பதில் சொல்றீங்களாமே அண்ணி, அம்மாவுக்கு வாயெல்லாம் பல்லு" என்றாள்.

நான் கல்நெஞ்சக்காரி இல்லை. விடாமல் அழுத்தினால் போன் அடிக்கட்டும் என்று ஸ்கிரிப்டில் ஒரு வரி வைத்திருந்தேன். அத்தை கெட்டிக்காரி, கண்டுபிடித்துவிட்டார். ஜன்னலுக்கும் விடாமல் அழுத்தினார். ஆபீஸில் ஒரே எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்தால் அடக்கி வைப்போம். இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும். அந்தப் பழக்கத்தில் அந்த வரியை அழித்தேன். இனி எத்தனை முறை அழுத்தினாலும் குரல் மட்டும்தான்.

ஸ்கிரிப்டில் கோளாறா என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். இல்லை. நான் எழுதியதிலேயே பிழையில்லாமல் ஓடியது அது ஒன்றுதான். அன்று மதியம் நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். ஜன்னலுக்காகக் கூப்பிடும் சத்தத்துக்கும் மூச்சுக்காகத் தவிக்கும் சத்தத்துக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அத்தை தனியாகச் சாகவில்லை. கடைசி வரை நான் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன்.